அறையைப் படுத்துப் பார்த்தவர்

அஞ்சலாட்சி இறந்த செய்தி வந்தபோது நான் மூன்றாவது மாடியில் வெந்நீர் வராததற்காக ஒரு விருந்தினரிடம் திட்டு வாங்கிக்கொண்டிருந்தேன். ரிசப்ஷனிலிருந்து கல்பனா படியேறி வந்து, அவர் மூச்சு வாங்க நிறுத்திய இடைவெளியில், "சார், மேடம் தவறிட்டாங்க சார். விழுப்புரத்துலேர்ந்து இப்பதான் போன் வந்துச்சு" என்றாள். விருந்தினர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "சரி, தண்ணி மெதுவா வரட்டும்" என்று கதவைச் சாத்திக்கொண்டார். நான் கல்பனாவிடம் கேட்ட முதல் கேள்வி, "கல்யாண பார்ட்டி எத்தனை ரூம் காலி பண்ணிட்டாங்க?" என்பது. இருபத்திரண்டு ஆண்டுகள் ஒருவரோடு ஒரே கட்டடத்தில் வேலை பார்த்தவன் கேட்கிற கேள்வியா இது என்பதுபோல அவள் பார்த்தாள். இருந்தாலும், "ஒம்பது சார், இன்னும் மூணு இருக்குது" என்று சொல்லிவிட்டுத்தான் அழுதாள். அவரிடம் வேலை பழகியவள்.

செஞ்சியிலும் திண்டிவனம் சாலையிலும் விடுதி வேலை பார்க்கும் உங்களில் பெரும்பாலோருக்கு அவரைத் தெரியும். இந்த நினைவு மலரைக் கொண்டுவருகிறவர்கள் என்னிடம் 'நல்லதா நாலு வார்த்தை' எழுதித் தரும்படி கேட்டார்கள். அந்த நல்ல வார்த்தைகளைக் கடைத்தெரு முனையில் வைத்த பிளெக்ஸிலேயே போட்டுவிட்டார்கள்: 'எங்கள் விடுதியின் அன்னையே!' அவர் படத்துக்குப் பக்கத்தில் முதலாளியின் படம் சற்றுப் பெரிதாகக் கைகூப்பிக்கொண்டு நிற்கிறது. எனக்கு அதைப் பார்க்க அலுப்பாக இருந்தது. அஞ்சலாட்சி இரண்டு பெண்களுக்குத் தாய். விடுதியில் அவர் யாருக்கும் தாயாக இருந்ததில்லை. அவர் அங்கே மேலாளர். நானும் ஆறு வருடம் மேலாளராக இருந்திருக்கிறேன். நான் செத்தால் 'எங்கள் தந்தையே' என்று எவனும் எழுதமாட்டான்.

ஆகையால் நல்ல வார்த்தைகளை மற்றவர்கள் எழுதட்டும். நடந்ததை நான் எழுதுகிறேன். அதில் என் பங்கும் உண்டு, அது நல்ல பங்கு அல்ல.

நான் சென்னையில் ஓட்டல் மேலாண்மை படித்தவன். அங்கே ஒரு பெரிய நட்சத்திர ஓட்டலில் நான்கு வருடம் வேலை பார்த்தேன். என்னைவிட இரண்டு வருடம் பின்னால் சேர்ந்த ஒருவனை, அவனுடைய மாமனார் யார் என்பதற்காக, எனக்கு மேலே உட்காரவைத்தார்கள். நான் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். அவன் பெயரும் முகமும் இன்றும் எனக்கு நினைவிருக்கின்றன. செஞ்சியில் இரண்டு வருடம் இருப்போம், பிறகு பாண்டிச்சேரிக்குப் போய்விடலாம் என்று நினைத்துத்தான் இங்கே ரிசப்ஷன் பொறுப்புக்கு வந்தேன். முதல் மாதம் கோட்டையின் மேல் ஏறினேன். அதன்பின் ஏறவில்லை.

நான் வந்தபோது அஞ்சலாட்சி அறை சுத்தம் செய்யும் பெண்களுக்கு மேற்பார்வையாளர். தளவானூர்க்காரர். பிளஸ் டூ முடித்தவர். கணவர் ஏழுமலைக்குக் கொஞ்சம் நிலமும் ஒரு டிராக்டர் ஓட்டும் வேலையும் இருந்தன. விடுதியில் வேலை பார்க்கிற பெண் என்றால் ஊர் என்ன சொல்லும் என்பது உங்களுக்குத் தெரியும். அவருடைய மாமியார் நான்கு வருடமாக ஊரில் எல்லோரிடமும் "எங்க மருமவ கல்யாண மண்டபத்துல கணக்கு பாக்குது" என்று சொல்லிவந்திருக்கிறார். ஒருமுறை தளவானூரிலிருந்து யாரோ நிஜமாகவே மண்டபம் விசாரிக்க வந்து நின்றார்கள். அஞ்சலாட்சி அவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்து, "மண்டபம் எதிர்ல இருக்குதுங்க. எனக்கு இங்கதான் வேல, லாட்ஜுல. ஊருல போயி சொல்லுங்க" என்று அனுப்பிவைத்தார். மாமியார் ஒரு வாரம் பேசவில்லையாம். "நிம்மதியா இருந்துச்சு சார்" என்றார் என்னிடம்.

வந்த இரண்டாம் வாரம் முதல் மாடியில் நடந்துபோகிறேன். ஓர் அறையின் கதவு அகலத் திறந்திருக்கிறது, சாத்திக்கொள்ளாமல் இருக்க ஒரு பக்கெட்டை முட்டுக்கொடுத்திருக்கிறது. உள்ளே, புதிதாக விரித்த கட்டிலில், ஒரு துண்டைப் போட்டு அதன் மேல் அஞ்சலாட்சி மல்லாந்து படுத்திருக்கிறார். செருப்பு வாசலில்.

"என்னம்மா, தூக்கமா?" என்றேன்.

அவர் பதறி எழவில்லை. விட்டத்தைப் பார்த்தபடியே, "நீங்களும் ஒருவாட்டி வந்து படுத்துப் பாருங்க சார்" என்றார். பிறகு தாமே எழுந்து, துண்டை மடித்தார். "ரூம் எடுக்கறவரு நின்னுக்கினா இருக்கப் போறாரு? வந்ததும் பையப் போட்டுட்டு படுப்பாரு. மொத மொத எதப் பாப்பாரு? ஃபேன் ரெக்கையில ஒட்டட. அந்த மூலையில ஓதம். லைட்ட அணைக்கணும்னா எட்டுமா எட்டாதா? நின்னு தொடைக்கிற பொண்ணுக்கு இதெல்லாம் தெரியாது சார். கண்ணு அங்க போவாது."

அறையை வாசலில் தொடங்கிக் கடிகாரச் சுற்றில் சோதிக்க வேண்டும் என்று எங்களுக்குக் கல்லூரியில் கற்பித்திருந்தார்கள். அதைச் சொன்னேன். "அதயும் பண்ணிட்டுத்தான் சார் படுக்கறேன்" என்றார். ஒவ்வொரு அறைக்கும் இரண்டு நிமிடம். இருபத்திரண்டு அறைகள். எந்த அறையையும் அவர் படுத்துப் பார்க்காமல் சாவி கீழே வராது. விருந்தினர் யாரும் மின்விசிறியைப் பற்றிப் புகார் சொன்னதாக எனக்கு நினைவில்லை. மற்ற எல்லாவற்றையும் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள்.

புகார்களைப் பற்றி அவருக்கு ஒரு கருத்து இருந்தது. புதிதாக வரும் பெண்களிடம் சொல்வார்: "கெஸ்ட்டு கத்தறாருன்னா நம்ம மேல இன்னும் நம்பிக்க இருக்குதுன்னு அர்த்தம். பேசாம பையத் தூக்கறாரு பாரு, அப்பதான் வயித்துல புளி கரைக்கணும்." கூடவே இன்னொன்றும் சொல்வார்: "சிரிச்ச மொகமா இரு. ஆனா கவுண்டருக்கு இந்தப் பக்கமே நின்னு சிரி."

என் மனத்தாங்கல் தொடங்கியது ஒரு மாலை நேரத்தில். அப்போது எங்கள் விடுதியில் தனியாக வரும் பெண்களுக்கு அறை கொடுப்பதில்லை. முதலாளி போட்ட சட்டம். நல்ல சட்டம் என்று நான் நினைக்கவில்லை, ஆனால் சட்டத்தைப் போடுகிற சம்பளம் எனக்கு இல்லை, கடைப்பிடிக்கிற சம்பளம்தான் இருந்தது. பனமலைக் கோயிலின் ஓவியத்தைப் படமெடுக்க வந்த ஒரு பெண், தோளில் கேமராப் பையோடு, ஆறரை மணிக்கு வந்து அறை கேட்டார். நான் இல்லை என்றேன். அஞ்சலாட்சி வீட்டுக்குக் கிளம்பிக் கையில் பையோடு நின்றிருந்தார்.

"சார், ஏழு ரூம் காலியா இருக்குதே?"

"ரூல் உனக்குத் தெரியாதாம்மா?"

"இவங்கள அனுப்பிட்டா பஸ் ஸ்டாண்டுல உக்காருவாங்க. அது பரவால்லியா?"

"முதலாளியக் கேளு."

நான் எரிச்சலில் சொன்னதை அவர் அப்படியே எடுத்துக்கொண்டார். என் முன்னாலேயே, விடுதித் தொலைபேசியிலேயே முதலாளியைக் கூப்பிட்டார். "ஐயா, உங்க பாப்பா மெட்ராஸ்ல தனியா படிக்குது. அது எந்த ஊருலயாச்சும் போயி இந்த மாரி நின்னா, ரூம் இல்லன்னு சொல்லணுமா சொல்லக் கூடாதா? நீங்க சொல்றத செய்யறேன்" என்றார். முதலாளி என்ன சொன்னாரோ, "என் பொறுப்புங்க" என்று அஞ்சலாட்சி போனை வைத்துவிட்டார். பதிவேட்டில் 'அறிந்தவர்' என்ற இடத்தில் தன் பெயரை எழுதிக் கையெழுத்திட்டார். கடைசிக்கு முந்தைய பேருந்தை விட்டுவிட்டு, அந்தப் பெண்ணுக்குத் தாழ்ப்பாளைக் காட்டிக்கொடுத்து, சாப்பாடு போகிறதா என்று பார்த்துவிட்டுப் போனார்.

மறுநாள் முதலாளி வந்து, எல்லோரும் நிற்கும்போது என்னிடம், "இன்னாப்பா, இதெல்லாம் காலேஜ்ல சொல்லித் தரலியா?" என்று சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். அஞ்சலாட்சி சிரிக்கவில்லை. அது எனக்கு இன்னும் மோசமாக இருந்தது. அந்தப் படமெடுக்கிற பெண் அடுத்த வருடம் எட்டு மாணவிகளோடு வந்தார், அதற்கடுத்த வருடமும் வந்தார். ஒவ்வொரு முறையும் என்னைத் தாண்டிப் போய் அஞ்சலாட்சியைத்தான் கேட்பார்.

நான்காம் வருடம் பழைய மேலாளர் வயதாகி நின்றுவிட்டார். அவர் இடத்துக்கு இரண்டே பேர். பட்டம் பெற்ற நான். கட்டடத்தையே நடத்திக்கொண்டிருந்த அஞ்சலாட்சி. முதலாளி அவர் பக்கம் சாய்ந்திருக்கிறார் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அஞ்சலாட்சிக்கும் தெரியும், இரண்டு புதுப் புடவை எடுத்துவிட்டதாகப் பெண்கள் கேலி செய்தார்கள். ஒரு காலை முதலாளி என்னை அலுவலகத்துக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"அஞ்சலாட்சிய பத்தி நீ இன்னா நெனைக்கிற? உள்ளத சொல்லு."

நான் உள்ளதைத்தான் சொன்னேன். "வேலையில ஒரு குறையும் சொல்ல முடியாது சார். கெஸ்ட் ரூம்ல போய்க் கட்டில்ல படுத்துப்பாங்க. அது ஒண்ணுதான்."

கதவு திறந்திருக்கும் என்பதைச் சொல்லவில்லை. துண்டைச் சொல்லவில்லை. எதற்காகப் படுக்கிறார் என்பதைச் சொல்லவில்லை. முதலாளிக்கு இந்த வழக்கம் தெரியாது என்பது எனக்குத் தெரியும். மேல்மாடிக்கு அவர் வருவதே இல்லை. அவர் பேனாவை மூடிவைத்தார். "வேல நேரத்துல கெஸ்ட்டு கட்டில்ல படுக்கற பொம்பளைய மேனேஜர்னு ஊருக்கு எப்படிக் காட்டறது?" என்றார். அப்போதுகூட நான் வாயைத் திறந்திருக்கலாம். அடுத்த திங்கட்கிழமை நான் மேலாளர் ஆனேன்.

முதலாளி அந்தக் காரணத்தை யாரிடமோ சொல்லியிருக்கிறார். மூன்றாம் நாள் அது கடைத்தெருவில் இருந்தது. ஐந்தாம் நாள் தளவானூரில். அஞ்சலாட்சி வேலைக்கு வரவில்லை. போன் செய்தால் எடுக்கவில்லை. பதவி போனது ஒரு புறம், இனி அவரை வேலைக்கே விடமாட்டார்கள் என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்று எழுத ஆசைதான். இறங்கியது.

ஒன்பதாம் நாள் காலை பத்து மணிக்கு அவர் வந்தார். பின்னால் ஏழுமலை. மனிதர் சட்டைக்கு மேல் துண்டைப் போட்டுக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் நின்றார். அஞ்சலாட்சி பலகையிலிருந்து ஒரு சாவியை எடுத்தார். "சார், நூத்தி நாலு காலிதானே?" என்றார் என்னிடம். தலையாட்டினேன். கணவரைக் கூட்டிக்கொண்டு மாடியேறினார். பெண்கள் எல்லோரும் பின்னால் போனார்கள். நானும் போனேன்.

அறைக் கதவை அகலத் திறந்து, பக்கெட்டை முட்டுக்கொடுத்தார். கட்டிலில் துண்டை விரித்தார்.

"படுய்யா."

"இன்னாடி, இத்தினி பேரு முன்னால..."

"இத்தினி பேரு முன்னாலதான் நானும் படுக்கறேன். படு."

ஏழுமலை செருப்பைக் கழற்றிவிட்டுப் படுத்தார். காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடக்கி மடக்கி நீட்டினார். ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மேல பாரு. இன்னா தெரியுது?"

"இன்னா தெரியும்? ஃபேனு."

"ஃபேன்ல?"

ஏழுமலை கண்ணை இடுக்கிப் பார்த்தார். "ஒட்டட இருக்குது" என்றார். பிறகு, அவருக்கே ஏதோ பிடிபட்டதுபோல, "செவுத்துல தண்ணி எறங்கியிருக்குது, அந்தாண்ட. பூச்சு ஊதிக்கினு கீது" என்றார்.

"ஒம்போது நாளா நான் வரல. அதான் கீது. இதான் என் வேல. எழுந்திரு."

ஏழுமலை எழுந்தார். துண்டை அவரே மடித்துக் கொடுத்தார். படியில் இறங்கும்போது என்னைக் கடந்து போனார்; அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தார். வாசலில் நின்று, "சாயங்காலம் எத்தினி மணி பஸ்ஸு? நான் ரோட்டாண்ட வந்து நிக்கறேன்" என்று மனைவியிடம் கேட்டுவிட்டுப் போனார். அன்றிலிருந்து அஞ்சலாட்சி வேலைக்குப் போவதைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசியதில்லை என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

அஞ்சலாட்சி அன்று மாலை அலுவலகத்துக்கு வந்து, நான் உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு முன்னால் நின்றார். "சார், நீங்க முதலாளிகிட்ட சொன்னது பொய்யில்ல. பொய்யா இருந்தா ஒரு கத்து கத்திட்டுப் போயிருப்பேன்" என்றார். அவ்வளவுதான். நான் மேலாளராக இருந்தவரை அதைப் பற்றி ஒரு சொல் இல்லை.

ஆறு வருடங்கள் அவர் என்னிடம் விடுப்புக் கேட்டார், பக்கெட் கேட்டார், மெத்தை மாற்ற அனுமதி கேட்டார். நான் எல்லாவற்றுக்கும் ஒரு நாள் தள்ளித்தான் பதில் சொல்வேன். மேலாளர் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று எனக்கு ஓர் எண்ணம். மூத்த பெண்ணின் கல்யாணப் பத்திரிகையை அந்த வருடங்களில்தான் கொண்டுவந்து கொடுத்தார். நம் பக்கத்தில் பெயருக்குக் கீழே உத்தியோகம் போடுவது வழக்கமாயிற்றே. சம்பந்தியம்மாள் பெயருக்குக் கீழே 'ஆசிரியை' என்று இருந்தது. அஞ்சலாட்சி பெயருக்குக் கீழே ஒன்றும் இல்லை. நான் அந்த இடத்தைப் பார்ப்பதை அவர் பார்த்தார். "சூப்பர்வைசர்னு போடலாம்னு பொண்ணு சொல்லுச்சு. எதுக்குன்னு கேப்பாங்க, லாட்ஜுலன்னு சொல்லணும். மேனேஜர்னா கேக்கமாட்டாங்க சார்" என்றார். கல்யாணத்துக்குப் போனேன். முதல் பந்தியிலேயே உட்காரவைத்தார்.

என் பதவி போனதும் என் கல்வியால்தான். செஞ்சி விடுதிக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை: மாதாமாதம் அமாவாசைக்கு மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்கு வரும் கூட்டம் நம் அறைகளை நிரப்புகிறது. எங்கள் விடுதிக்கு வேலூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் நிரந்தரமாக வரும் பதினைந்து குடும்பங்கள் உண்டு. அவர்கள் முன்பதிவு செய்யமாட்டார்கள். மாதாமாதம் வருகிறவன் எதற்குச் சொல்லிவிட்டு வரவேண்டும் என்பது அவர்கள் நியாயம். அஞ்சலாட்சி கேட்காமலே அவரவர் அறையை ஒதுக்கிவைப்பார். பதிவு இல்லாதவனுக்கு அறை இல்லை என்பது நான் படித்த நியாயம். ஓர் ஆடி மாதத்தில், கோட்டை பார்க்க வரும் ஒரு சென்னைக் கம்பெனிக் குழுவுக்குப் பதினான்கு அறைகளை உறுதிசெய்து கடிதம் அனுப்பினேன். ஆங்கிலத் தேதியைப் பார்த்தேன். ரிசப்ஷனில் தொங்கும் நாள்காட்டியில் அந்தத் தாளின் கறுப்பு வட்டத்தைப் பார்க்கவில்லை. ஆடி அமாவாசை.

காலை ஒன்பது மணிக்குக் குழு வந்தது, அவர்கள் பதிவேட்டில் எழுதி முடிப்பதற்குள் அமாவாசைக் குடும்பங்கள் வந்தன. வாசலில் இரண்டு தரப்பும் மூட்டையோடு நின்று கத்தின. ஒரு வேலூர்ப் பெரியவர் மட்டும் கத்தவில்லை. பேசாமல் பையைத் தூக்கினார். முதலாளிக்கு யாரோ சொல்லி அவரும் வந்துவிட்டார். நான் கடிதத்தை எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தேன்.

அஞ்சலாட்சி பெரியவர் கையிலிருந்து பையை வாங்கிக் கீழே வைத்தார். குழுவின் தலைவரிடம் போய், "நீங்க எப்ப சார் மலை ஏறறீங்க?" என்று கேட்டார். இப்போதே, சாயங்காலம்தான் திரும்புவோம் என்றார் அவர். குடும்பங்களிடம் வந்து, "நீங்க எத்தினி மணிக்கு மலையனூர் கெளம்புவீங்க?" என்றார். நாலரைக்கு, ராத்திரி முழுக்கக் கோயிலில்தான், விடிந்ததும் அங்கிருந்தே ஊருக்கு பஸ் என்றார்கள். அது அவருக்குத் தெரியும். எல்லோர் காதிலும் விழட்டும் என்றுதான் கேட்டார். "அப்ப கட்டில் பகல்ல இவங்களுக்கு, ராத்திரி அவங்களுக்கு. நடுவுல ஒன்ற மணி நேரம் எனக்குக் குடுங்க" என்றார்.

நாலரைக்குக் குடும்பங்கள் கிளம்பின. ஆறு மணிக்குள் பதினான்கு அறைகளில் விரிப்பு, உறை, துண்டு, குளியலறை எல்லாம் மாறின. ஐந்து பெண்களும் அஞ்சலாட்சியும். நான் தலையணை உறைகளைச் சுமந்து கொடுத்தேன். எனக்கு அந்த வேலைதான் கொடுத்தார். அந்த அவசரத்திலும் பதினான்கு அறைகளிலும் அவர் படுத்தார். முதலாளி முதன்முறையாக மேல்மாடிக்கு வந்து, தாழ்வாரத்தில் நின்று, திறந்த கதவு வழியாக அதைப் பார்த்தார். என்னைத் திரும்பிப் பார்த்தார். எதற்காக அவர் படுக்கிறார் என்று யாரும் அவருக்கு விளக்கவேண்டியிருக்கவில்லை.

அடுத்த வாரம் அஞ்சலாட்சி மேலாளர் ஆனார். முதலாளி என்னிடம், "நீ கூட இருந்து பாத்துக்க, இல்லன்னா உன் இஷ்டம்" என்றார். பாண்டிச்சேரிக்குப் போகும் வயது தாண்டியிருந்தது. அலுவலகத்துக்குப் போனேன். என் நாற்காலியில் அவர் உட்கார்ந்திருக்கவில்லை; புது நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார்.

"இருக்கறீங்களா சார், போறீங்களா?"

"இருந்தா உங்களுக்குச் சங்கடமா இருக்குமே."

"எனக்கு இன்னா சங்கடம்? உங்களுக்கு இங்கிலீஷ் வருது, எனக்கு வரல. வெளிநாட்டுக்காரங்க லெட்டர் எல்லாம் நீங்கதான் பாக்கணும். ஒங்கள அனுப்பிட்டா வேல நிக்கும்." கூடவே, "மன்னிச்சிட்டேன்னு நெனச்சிக்காதீங்க. அது வேற" என்றார்.

அவரை 'மேடம்' என்று கூப்பிட எனக்கு நான்கு மாதம் ஆயிற்று. அதுவரை எந்த விளியும் இல்லாமல், எதிரில் போய் நின்று தொண்டையைச் செருமுவேன்.

பன்னிரண்டு வருடம் மேலாளராக இருந்தார். அவர் செய்தவற்றில் நீங்கள் எல்லோரும் பின்னால் காப்பியடித்த ஒன்று உண்டு: பணி நேரப் பட்டியலுக்குப் பக்கத்தில் டவுன் பஸ் நேரப் பட்டியலை ஒட்டினார். எட்டு மணி நேர ஷிப்ட் என்று நான் படித்ததைக் கிழித்துப் போட்டுவிட்டு, எந்தப் பெண் எந்த ஊர்ப் பேருந்தில் வருகிறாள், எதில் போகிறாள் என்று பார்த்து நேரம் வகுத்தார். "பொண்ணுங்க வேலைய விடறதுக்குக் காரணம் வேல இல்ல சார், கடைசி பஸ்ஸு" என்பார். தொண்டூரிலிருந்து அறை பெருக்க வந்த கல்பனா இன்று ரிசப்ஷனை நடத்துகிறாள் என்றால் அந்தப் பட்டியல்தான் காரணம். இளைய பெண்ணின் கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குக் கீழே உத்தியோகம் இருந்தது. இந்த முறை அவர் அதை என்னிடம் நேரில் தரவில்லை. என் மேசையில் வைத்துவிட்டுப் போயிருந்தார்.

போன மாதம் அவருக்கு மூச்சு வாங்குகிறது என்று விழுப்புரத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இருதயம் வீங்கியிருக்கிறது என்றார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். பேருந்தில் போகும்போது ஒரு வாக்கியத்தைத் திரும்பத் திரும்ப மனத்துக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். பதினெட்டு வருடத்துக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டிய வாக்கியம். ஏழுமலை நாற்காலியை விட்டு எழுந்து என்னை உட்காரச் சொல்லிவிட்டு வெளியே போனார்.

"ரெண்டாவது மாடி பைப்பு சரி பண்ணாங்களா?" என்றார்.

"பண்ணிட்டாங்க மேடம்."

"சாப்டீங்களா?"

"ஆச்சு." பிறகு தொடங்கினேன். "மேடம், அன்னைக்கு முதலாளிகிட்ட நான்..."

ஊசி குத்தியிருந்த கையை மெல்லத் தூக்கினார். "வேணாம் சார்."

"ஒரே ஒரு வார்த்தை மேடம்."

"ஆறு வருசம் சார். என் பெரிய பொண்ணு கல்யாணமும் அதுலதான் நடந்துச்சு, பேருக்குக் கீழ ஒண்ணும் இல்லாம. இத்தினி நாளு சொல்லாம வெச்சிக்கினு இருந்துட்டு, இப்ப இங்க எறக்கி வெச்சிட்டுப் போனா உங்களுக்கு லேசாயிடும். எனக்கு இருக்கற மூச்சுல அதயும் நான் சொமக்கணுமா? நீங்களே வெச்சிக்குங்க."

கோபமாகச் சொல்லவில்லை. அன்றைய வேலையைப் பிரித்துக் கொடுக்கிற குரல். அதே குரலில், மாசக் கடைசியில் கல்பனாவுக்கு லீவு கொடுக்காதீர்கள் என்றார், சலவைக்காரர் துண்டுகளைக் குறைத்துக் கொண்டுவருகிறாரா என்று பாருங்கள் என்றார். நான் சரி மேடம், சரி மேடம் என்று கேட்டுக்கொண்டு எழுந்தேன். பன்னிரண்டாம் நாள் கல்பனா மாடியேறி வந்தாள்.

தளவானூரில் காரியம் முடிந்தபின் ஏழுமலை எல்லோருக்கும் மனைவியின் படம் ஒன்றைக் கொடுத்தார். எனக்கும் நீட்டினார். நான் வாங்கவில்லை. ஏனென்று அவர் கேட்கவில்லை. அஞ்சலாட்சியிடமிருந்து எனக்கு வந்தது முன்பே வந்துவிட்டது. அவர் வாங்க மறுத்த அந்த வாக்கியம்தான் அது. நடந்ததை எல்லாம் இங்கே எழுதிவிட்டேன், ஆனால் அது உங்களுக்கு. அவரிடம் சொல்லப் போனதை உங்களிடம் சொல்லி இறக்கிவைக்க எனக்கு உரிமையில்லை. மேலாளர் சொன்னபடி, அதை நானே வைத்திருக்கிறேன்.